பாலத்துக்கு அந்தப் பக்கம்

எல்லோரும் சிரித்த இடத்தில் அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஜமீலுன்னிசா அதைக் கவனித்துவிட்டாள்.

கணவர் மவுத்தாகி இரண்டு வாரம்கூட ஆகாத வீட்டில் என்ன சிரிப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஹபீபுர் ரஹ்மானைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் சிரிக்காமல் எழுந்திருக்க முடியாது. சிந்தாதிரிப்பேட்டையில் பெட்டி, பெல்ட், தோல் பை மொத்த வியாபாரம். மாதத்தில் பாதி நாள் கான்பூர், ஆக்ரா, கொல்கத்தா என்று ரயிலிலேயே குடித்தனம். போன ஊரிலெல்லாம் சிநேகிதர்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் இவருக்கு முதல் பந்தி. ஊர் திரும்பியதும் தங்கச்சி பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு கதை அளப்பார். அன்றைக்கு அந்த ஜான்சிக் கதையைத்தான் தங்கச்சி மகள் புஷ்ரா, மாமுவின் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். டீ வாங்க மாமு இறங்குகிறார், பெட்டியோடு ரயில் போய்விடுகிறது. ஸ்டேஷன் மாஸ்டரைப் பேசி மயக்கி, சரக்கு ரயில் கார்டு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சோற்றையும் பங்கு போட்டுத் தின்று, போபாலில் பெட்டியைப் பிடித்துவிடுகிறார். வந்திருந்த பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"பாவம், பிளாட்பாரத்துல உக்காந்து அழுதாங்களாமே அவங்க" என்றாள் மூலையிலிருந்தவள், தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல.

ஜமீலுன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். அவர் அழுத கதை ஊருக்குத் தெரியாது. சின்னப்பிள்ளை மாதிரி அழுததையும், ரொட்டி விற்ற கிழவி முந்தானையால் முகம் துடைத்துவிட்டதையும் ஒரே ஒரு முறை, விளக்கை அணைத்த பிறகு, அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லிடாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அவள் போன பிறகு விசாரித்தால், புஷ்ரா அவளை மாமி பக்கத்துச் சொந்தம் என்று நினைத்திருக்கிறாள். மற்றவர்கள் மாமு பக்கம் என்று நினைத்திருக்கிறார்கள். பேர் அஸ்மத்துன்னிசாவாம், நாற்பது வயதிருக்கும். அதைவிட ஒன்று ஜமீலுன்னிசாவை அரித்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் அவரைச் சொல்ல ஒரு முறை இருந்தது. மாமு, சாச்சா, ஒன்றுமில்லை என்றால் ஹபீப் பாய். இவளுக்கு மட்டும் ‘அவங்க’. புருஷனை அப்படித்தானே சொல்வார்கள்?

சந்தேகம் வந்த பிறகு நல்லதெல்லாம் கெட்டதாகத் தெரிந்தது. சேலை எடுத்தால் இரண்டாக எடுப்பாரே, இரண்டாவது யாருக்குப் போயிற்று? கான்பூரிலிருந்து போன் செய்வார். இங்கே மழை பெய்தால் அங்கேயும் பின்னால் மழை கொட்டும் சத்தம் கேட்கும். "இங்கயும் மழதான் ஜமீலா" என்பார். ஊர் ஊராக மழைகூட இவரோடு வருகிறது என்று அவள் கேலி செய்திருக்கிறாள். இப்போது அந்தப் போன்களில் மழைக்குப் பின்னால் வேறு யாராவது பேசினார்களா என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. மற்றவர்கள் அவருக்காக அழுதுவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. தனக்கு மட்டும் புருஷனாக இருந்தவருக்காக அழுவதா, இன்னொருத்திக்கும் இருந்தவருக்காக அழுவதா என்று தெரியவில்லை. போய் விசாரிக்கவும் வழியில்லை. நாலு மாதம் பத்து நாள் இத்தா. அதுவரை ராஜா அண்ணாமலைபுரத்தின் இந்த மூன்றாம் மாடி வீடு, பாலத்தில் பஸ் போவது கொஞ்சம் தெரிகிற இந்த ஜன்னல், அவ்வளவுதான். புருஷனை இழந்தவள் வாசல் தாண்டக் கூடாது. அத்தர், மருதாணி, வளையல் எதுவும் ஆகாது.

அஸ்மத்துன்னிசா மறுபடியும் வந்தபோது ஜமீலுன்னிசா போலீஸ்காரி மாதிரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் சிவக்கச் சிவக்க மருதாணி. பக்கத்து வீட்டு நிக்காஹ்வாம். கை நிறையக் கண்ணாடி வளையல். உட்கார்ந்ததும் அத்தர் மணத்தது. கீழே ஆட்டோவை நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஜமீலுன்னிசாவுக்குப் பொறி தட்டியது. இவள் அவருடைய மனைவியாக இருந்தால் இவளுக்கும் இத்தாதானே? மருதாணி போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறுவாளா? என்ன புத்தி கெட்ட நினைப்பு நினைத்தேன் யா அல்லாஹ் என்று தன்னையே நொந்துகொண்டாள். அடைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அஸ்மத்துன்னிசாவும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். புஷ்ரா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

முகம் துடைத்துக்கொண்டபோது ஜமீலுன்னிசாவுக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. சந்தேகப்பட்டதற்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"அடுத்த தடவ வீட்ல இருக்கறவங்களையும் கூட்டியாம்மா. யார் யார் இருக்கீங்க?"

"நானும் எங்க அக்காவும்தான். அவங்க இப்ப வர முடியாதுக்கா."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

அஸ்மத்துன்னிசா கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள். புஷ்ராவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. உங்களுக்கு என்னிக்கி இத்தா முடியுதோ, அன்னிக்கித்தான் அவங்களுக்கும் முடியுது."

புஷ்ராவின் கையிலிருந்த தட்டு மேஜையில் இடித்தது.

"மச்சான் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னுதான் நெனச்சுகினு இருந்தோம்" என்றாள் அஸ்மத்துன்னிசா. அவரைச் சொல்ல அவள் வாயில் முதல் தடவையாக ஒரு முறை வந்துவிட்டது.

ஜமீலுன்னிசா ஒன்றே ஒன்று கேட்டாள். அதற்குள் கான்பூர், ஆக்ரா, கொல்கத்தா எல்லாம் அவள் மனதில் வந்து போயிருந்தன.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"ஊரா? இதோ அடையாறுதான்க்கா. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

அஸ்மத்துன்னிசா சலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் இருட்டியது. மழை அடையாறு பக்கமிருந்து பாலத்தின் மேலாக வந்துகொண்டிருந்தது. அதில் போன பஸ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சாரல் அடிக்கிறது மாமி என்று புஷ்ரா ஜன்னலைச் சாத்த எழுந்தாள்.

"இருக்கட்டும், சாத்தாத" என்றாள் ஜமீலுன்னிசா. அவள் நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்தவள்போலத் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.