முழங்கால் உயரத்தில் ஒரு மரவள்ளித் தோட்டம்

தேமல் நோய் இரண்டாவது முறை வந்த ஆண்டில், மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அமோதிங்கின் ஒன்றரை ஏக்கர் மரவள்ளித் தோட்டம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றுவிட்டது. இலைகளின் அடிப்புறத்தில் வெள்ளை ஈக்கள் அடையடையாக இருந்தன. அவள் களைக்கொத்தோடு உள்ளே கால் வைத்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் சிறகடித்தன. செடிகளை விட மனமில்லாமல் செடிகளோடும், வேரைப் பிடித்திருந்த ஒரு சாண் மண்ணோடும் எழும்பின. எங்கள் ஒமுகுரோ கிராமத்தில் எல்லாத் தோட்டத்திலும்தான் வெள்ளை ஈ இருந்தது. ஆனால் மற்றவர்கள் செடிக்கு அடியில் பேருக்கு இரண்டு கிழங்காவது இருந்ததால் அவை தரையில் நின்றன. அமோதிங்கின் செடிகளுக்கு அடியில் விரல் தடிமனுக்கு வேர் மட்டுமே இருந்தது, பிடித்து நிறுத்த எதுவுமில்லை. சொரோட்டி நகரத்து வேளாண் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து உயரத்தை அளந்தார்கள், சோளம் போடலாமே என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நோய் வந்த வழியை எல்லோரும் அறிவோம். எங்கள் பக்கம் சம்பந்தி வீட்டார் மரவள்ளிக் குச்சி கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. கொடுத்த குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் கூடாது. அமோதிங்கின் தங்கை வாழப்போன வீட்டிலிருந்து ஒரு கட்டுக் குச்சி வந்தது, அதை ஊன்றினாள், மூன்றாம் மாதம் இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருண்டது. அதற்குள் அவளிடமிருந்து எட்டு வீட்டுக்குக் குச்சி போய்விட்டது. மரியாதை தவறாத ஊர் என்பதால் நோயும் ஒரு வீடு விடாமல் போய்ச் சேர்ந்தது. குச்சி போகாத வீடுகளுக்கு வெள்ளை ஈ கொண்டுபோய்க் கொடுத்தது.

தோட்டம் மிதப்பதில் அமோதிங்குக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆச்சரியப்படவும் தெம்பு வேண்டும். அவள் கணவன் ஒக்குருத் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, குழந்தை இல்லை. அவன் தம்பி எஜாலு வழக்கப்படி வந்து, நிலத்தோடு அவளையும் சேர்த்து வைத்துக்கொள்வதாகச் சொன்னபோது, அந்த வீட்டு ஆண்பிள்ளையில் ஒருவனைப் பார்த்ததே ஏழு பிறவிக்குப் போதும் என்று அனுப்பிவிட்டாள். பிள்ளையில்லாத விதவை உழும் வரைக்கும் நிலம் அவளுடையது என்று குலப் பெரியவர் ஒலுப்போத் தீர்ப்புச் சொல்லியிருந்தார். இப்போது எஜாலு மறுபடி வந்தான். தோட்டத்தைச் சுற்றி வந்தான், குனிந்து அடியில் பார்த்தான், அவன் முகம் மலர்ந்தது.

"அண்ணி, ஒன் தோட்டம் மேல இருக்கு. நெலம் கீழ இருக்கு. மேல இருக்கறத நீயே வச்சுக்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மறுநாளே அடியில் தவழ்ந்து போய்ச் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டான். நிழலில் அது வெளுத்து வளர்ந்தது, ஆனாலும் வளர்ந்தது. அமோதிங் முக்காலி போட்டு மேலே ஏறிக் களை பிடுங்குவாள். தோட்டம் ஏரிப் படகுபோல மெல்ல ஆடும், அவளுக்குத் தலை சுற்றும், இறங்கி உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறுவாள். வழக்கு ஒலுப்போத்திடம் போனது. அவர் பாதியிலேயே கொட்டாவி விட்டார். ஜூலைக் கடைசியில் புதுக் கேழ்வரகு அறுத்துக் கள் ஊறும் நாளுக்குள் தோட்டம் தரையைத் தொட்டால் நிலம் அவளுக்கு, தொடாவிட்டால் எஜாலுவுக்கு என்று சொல்லி எழுந்துகொண்டார்.

மே மாதம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அரியோகோத் என்ற பெண் வாடகை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். ஏழு கிராமங்களுக்கு அவள் ஒருத்திதான். அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது பேச்சின் வேகத்தில் தெரிந்தது. பையில் தபால் அட்டை அளவுக்குச் சில அட்டைகள் இருந்தன, அவற்றில் மிளகைப் பொடித்து ஒட்டியதுபோலப் புள்ளிகள். அவை ஒவ்வொன்றும் ஒரு குளவி என்றாள். கடிக்காது, கொட்டாது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. வெள்ளை ஈயின் குஞ்சு இலையடியில் ஒட்டிக்கிடக்கும்போது அதற்குள் முட்டை வைக்கும். குளவிக் குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று முடித்து ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். மருந்து அடிக்காதே, சோப்புத் தண்ணீர் தெளிக்காதே, சாம்பல் தூவாதே என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறந்துவிட்டாள்.

"நோய இது தீக்காதுக்கா. பரவுறதத்தான் நிறுத்தும். நோவு கண்ட செடிய நீதான் புடுங்கணும்," என்றாள் கிளம்பும்போது.

"கடைசியில நான்தானா," என்றாள் அமோதிங்.

அட்டைகளைக் கட்டித் தொங்கவிட்ட இரண்டு வாரத்தில் தோட்டம் நான்கு விரற்கடை இறங்கியது. அதே நேரத்தில் இலையடியில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. முதல் தேமல் காலத்திலிருந்து எங்கள் பெண்களுக்கு வந்த அதிகாரிகள் எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் நடத்தியிருந்தார்கள்: கெட்ட இலையைக் கண்டால் கிள்ளு, கொண்டுபோய் எரி. கை அதற்குப் பழகியிருந்தது. அமோதிங் இரண்டு நாள் இடுப்பொடியக் கிள்ளி, மூன்று சாக்கு நிறைய எரித்தாள். எரித்த மறுநாள் தோட்டம் தொடை உயரத்துக்கு ஏறியது. அடியில் எஜாலு நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்தான், விசிலடித்தான்.

அரியோகோத் திரும்பி வந்து சாம்பலைப் பார்த்தாள். தோட்டத்தின் விளிம்பில் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். குளவி உள்ளே வளர்ந்தால் ஈயின் குஞ்சு கறுத்துப்போகும் என்பதை அவள் சொல்லியிருக்க வேண்டும்.

"நீ எரிச்சது நோய இல்லக்கா. நம்ம ஆளுங்கள. சொல்லாதது என் தப்புதான்." பிறகு, "எனக்கும் அலுத்துப்போச்சு" என்று சொல்லி அழுதாள். அமோதிங் அவளுக்கு ஒரு கிண்ணம் மோரும் களியும் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவள் பையில் கடைசியாக இருந்த அட்டைக் கட்டை எடுத்து வைத்தாள். அது வேறு கிராமத்துக்கு உரியது. அந்த ஊரார் அவளை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அமோதிங்குக்குத் தன் கையைத் தெரியும். கறுத்த இலையைக் கண்டால் அது மூளையைக் கேட்காமல் கிள்ளிவிடும். முறை வைத்துக் களையெடுக்க வரும் பெண்களின் கையும் அப்படித்தான். எத்தனை முறை சொன்னாலும் பத்தாவது செடியில் மறந்துவிடும். பெயரில்லாததை யாரும் எரிப்பார்கள். பெயர் வைத்ததை எங்கள் ஊரில் யாரும் நெருப்பில் போடமாட்டார்கள். ஆகவே அவள் சின்னப் பானையில் கேழ்வரகுக் கள் ஊறவைத்து, பெண்களை அழைத்தாள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது விரலைக் கள்ளில் தோய்த்து உதட்டில் வைத்து, அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வோம். எந்தப் பெயருக்குப் பிள்ளை சப்புகிறதோ அது அதன் பெயர். அவள் விரலைத் தோய்த்து ஒரு இலையின் அடியில் நீட்டினாள். மாமனார் பெயரைச் சொன்னாள். மாமனாரின் அண்ணன் தம்பிகள் பெயரைச் சொன்னாள். மாடு கொள்ளை போன காலத்தில் செத்தவர்கள், கிணற்றில் விழுந்த சின்ன மாமியார் என்று பதினேழு பெயர்கள் ஆயின. விரல் ஈரமாகவே இருந்தது. பெண்கள் சிரித்து ஓய்ந்து, வீட்டு வேலையை நினைக்கத் தொடங்கினார்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர். ஒன்பது ஆண்டு குடித்தனத்தில் அந்தத் தோட்டத்துக்குள் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே செத்துப்போனவன் ஒக்குருத். அவள் வேண்டா வெறுப்பாகச் சொன்னாள். விரல் நுனியில் மெல்லிய தூசு படிந்ததுபோல் ஆனது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கள் உறிஞ்சப்பட்டு விரல் உலர்ந்தது. பதினொரு பெண்கள் பார்த்தார்கள்.

"இருந்தப்ப ஒரு களை புடுங்கல. இப்ப வர்றியா?" என்றாள் அமோதிங். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அந்த விரலை அன்று முழுக்க அவள் கழுவவில்லை.

அதன் பிறகு கறுத்த இலையை ஒருவரும் தொடவில்லை. தேமல் கண்ட செடிகளை மட்டும் அவள் வேரோடு பிடுங்கினாள், மூன்றில் இரண்டு போயிற்று. தோட்டம் ஒரு நாளைக்கு நெல்மணி நீளம் இறங்கியது. கீழே எஜாலு முதலில் குனிந்தான், பிறகு தவழ்ந்தான், ஜூலை பிறந்தபோது மல்லாந்து படுத்துக்கொண்டு மண்வெட்டியைத் தலைக்குப் பின்னால் வீசிக் கொத்தினான். அவன் மனைவி சாப்பாட்டைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளிவிடுவாள்.

கள் ஊறிய நாளில் குலத்தார் கூடியபோது தோட்டத்துக்கும் தரைக்கும் நடுவே இன்னும் இடைவெளி இருந்தது. ஒலுப்போத் கையை உள்ளே விட்டு விரித்து அளந்தார், ஒரு சாணுக்கு மேல் இருந்தது. அமோதிங் முக்காலியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், போக வேண்டிய இடம் ஏதும் இல்லாவிட்டாலும். அப்போது ஒலுப்போத், குளவிகள் எந்தப் பெயருக்குச் சப்பின என்று கேட்டார். பெண்கள் சொன்னார்கள். அவர் ஒவ்வொருத்தியாகப் பதினொரு பேரிடமும் கேட்டார்.

"செத்தவன் பேருக்கு வாய் வச்சது அவன் வீட்டுப் புள்ள. நம்ம குலத்துல எப்பவும் அப்படித்தான். புள்ள இருக்கறவன் நெலத்தத் தம்பிக்குக் குடுக்கற வழக்கம் இல்ல."

"பெரியவரே, குளவிக்கு எதுக்கு நெலம்?" என்றான் எஜாலு.

"ஒனக்கு மட்டும் எதுக்கு? நீதான் படுத்துக்கிட்டே வெவசாயம் பண்றியே," என்று சொல்லிவிட்டு ஒலுப்போத் பானையில் கள் உறிஞ்சும் தன் நீண்ட குழலைப் போட்டார். வழக்கு முடிந்தது.

மறுநாள் மதியம் தோட்டம் மிச்சமிருந்த இடைவெளியையும் ஒரேயடியாக இறங்கித் தரையைத் தொட்டது. நாளெல்லாம் நின்றவர் உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம்தான் கேட்டது. எஜாலு நல்லவேளையாகச் சாப்பிட வெளியே வந்திருந்தான், சர்க்கரைவள்ளி போயிற்று. அமோதிங் நிலையத்திலிருந்து நோயில்லாத குச்சி வாங்கி ஊன்றினாள். முதல் ஆண்டு கிழங்கு ஒல்லிதான், இரண்டாம் ஆண்டு பரவாயில்லை. கள் குடிக்க உட்காரும்போது பானையில் ஒரு குழலை யாரும் தொடாமல் விடுவார்கள். அது யாருக்கு என்று இப்போது கேட்பவர்களும் இல்லை.

மூன்றாம் ஆண்டு எஜாலுவின் சொந்த மரவள்ளித் தோட்டம் அரை அடி எழும்பியது. அவன் வந்து அவள் வாசலில் நின்றான், எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாத உறவு, அதனால்தான் கேட்க வெட்கப்பட்டான். அமோதிங் வேலையை நிறுத்திவிட்டுப் போய், கறுத்த இலைகளாகப் பார்த்துப் பறித்து, வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள்.

"ஒங்க அண்ணன் புள்ளைங்க. வெயில் படாமக் கொண்டு போ. போய்க் கள்ளுல வெரலத் தோச்சு, பேர் சொல்லிக் கூப்புடு."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வழியில் எதிரே வந்தவர்கள் பொட்டலத்தில் என்ன என்று கேட்டார்கள். மெதுவாகப் பேசுங்கள், அண்ணன் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றான் எஜாலு. அவர்களும் குரலைத் தாழ்த்தி, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.