எல்லாம் பொண்ணு செஞ்சதுதான்

கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, பிரவின்குமார் மூக்கை மட்டும் சமையலறை ஜன்னல் பக்கம் நீட்டியிருந்தான். உள்ளே அவன் கலக்கிவைத்த பலாப்பழ கேக் வெந்துகொண்டிருந்தது. முதலில் சுளையும் வெல்லமும் சேர்ந்து சூடாகிற பச்சை வாசனை வரும். அப்புறம் வெண்ணெய் தூக்கும். அதற்கும் அப்புறம்தான் முந்திரி வறுபடுகிற வாசனை. இந்த வரிசை அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. கம்பெனி அக்கவுண்ட்ஸ் பேப்பரில் இரண்டாவது தடவையும் கோட்டை விட்டவனுக்கு இது மட்டும் எப்படித்தான் மண்டையில் ஏறுகிறதோ என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான்.

சொந்த வீட்டுக் கொல்லையில் திருடன் மாதிரி எதற்குப் பதுங்கி உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டால், எல்லாம் அவன் அம்மா மலர்கொடியின் வாய் செய்த வேலை. போன மாதம் அக்கா சண்முகப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, கேசரியோடு தட்டு நிறையட்டுமே என்று, பிரவின் செய்துவைத்திருந்த கேக்கையும் ஓரமாக நான்கு துண்டு வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ராஜாம்பாள் பஜ்ஜியைத் தொடவேயில்லை. கேக்கில் ஒன்று எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள், யார் செய்தது என்று கேட்டாள். மலர்கொடிக்கு யோசிக்கக்கூட நேரம் பிடிக்கவில்லை. எல்லாம் பொண்ணு செஞ்சதுதான் என்று சொல்லிவிட்டாள்.

பாவம், அவளைக் குறை சொல்லவும் முடியாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் எந்த அம்மாதான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள்? டீக்கடையில் கட்டிக்கொண்டு வந்த பஜ்ஜியானாலும் அன்றைக்கு அது பெண் சுட்டதுதான். சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும், யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை. ராஜாம்பாள் தொங்கினாள். போகும்போது மிச்சத் துண்டுகளைத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் ஒருநாள் போன் வந்தது. மாசக் கடைசியில் அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்குப் பணி ஓய்வு; அந்த விழாவுக்குக் கடையில் கேக் வாங்கப் போவதில்லை; வரப்போகிற மருமகள் கையால்தான். அதுமட்டுமா, ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து, பிரியா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, போனில் வீடியோவும் எடுத்துக்கொண்டு போவாளாம்.

போனை வைத்ததும் மலர்கொடி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானே உண்மையைச் சொல்லிடறேம்மா என்று பிரியா அன்றைக்கே சொன்னாள். அப்பா குஞ்சிதபாதம் ஒரே அதட்டாக அதட்டிவிட்டார். காண்ட்ராக்ட் வேலையிலேயே தலை நரைத்துப்போனவர்கள் நிறைந்த இந்த டவுன்ஷிப்பில், மாப்பிள்ளை விஜயராஜ் பர்மனென்ட். மேல்பட்டாம்பாக்கத்தில் நிலம் வேறு. தான் ரிட்டயர்டாகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊர்ப்பக்கம் குள்ளஞ்சாவடிக்குப் போவதற்குள் பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அதில் ஒரு கேக் வந்து மண்ணைப் போடுவதா?

பிரியாவுக்கும் விஜயராஜைப் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலமானால் கொய்யா மரத்தடியில் நின்று போனில் பேசுவாள்; பேசும்போது கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பாள். அந்த இடத்தில் சின்னதாக ஒரு குழியே விழுந்துவிட்டது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த பிரவினுக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் குழி.

அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பாடம் நடந்தது. அவள் பி.எட். முடித்தவள், எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவள். முட்டையை உடைத்தால் பாதி ஓடு மாவுக்குள் விழுந்தது. முதல் கேக் நடுவில் குழிந்தது. இரண்டாவது மேலே கரியாகி உள்ளே கூழாக இருந்தது. சனிக்கிழமை ஒன்று ஒழுங்காக எழும்பி நின்றபோது அக்காவும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

ஆனால் அந்த ஓவனை நம்ப முடியாது. ரிட்டயர்டாகிச் சொந்த ஊருக்குப் போன சோமசுந்தரம் வீட்டில், வேண்டாத சாமான்களோடு தள்ளிவிட்டது அது. குமிழை எந்த எண்ணில் வைத்தாலும் மேல் கம்பி தன் இஷ்டத்துக்குத்தான் காயும். வெல்லம் போட்ட மாவு வேறு, சீக்கிரம் சிவந்துவிடும். அதனால் முந்திரி வாசனை வந்த உடனே கதவைத் திறந்து, கேக்கின் தலையில் ஃபாயில் தாளைப் போர்த்தி, குமிழைத் திருப்பிக் கீழ்க் கம்பி மட்டும் எரிகிற மாதிரி வைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் போச்சு. அந்த வாசனைதான் பிரியாவுக்குப் பிடிபடவேயில்லை. கவலைப்படாதே, கொல்லையில் இருந்து நான் மெசேஜ் போடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தான்.

காலையில் அப்பா அவனைக் கூப்பிட்டு, அந்தம்மா போகிற வரைக்கும் இந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டக் கூடாது என்று சொன்னார். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. விருந்தாளி வரும்போது கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே வைக்கச் சொல்கிற குரலில் சொன்னார். யாராவது சொந்தக்காரர்கள் வந்தால் ஓவன்மேல் துண்டைப் போட்டு மூடுகிறவர்தானே அவர். ஆம்பிளைப் பிள்ளை அடுப்படியில் நிற்பது அவருக்கு அப்படி ஒரு கூச்சம். பிரவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனான். பின்பக்கத் தெருவைச் சுற்றி, வேலிச் சந்துக்குள் நுழைந்து திரும்பி வந்துவிட்டான்.

ராஜாம்பாள் வந்தாள். பிரியா மாவை ஊற்றுவதையும் தட்டை உள்ளே வைப்பதையும் வீடியோ எடுத்தாள். அதுவரை எல்லாம் சொல்லிவைத்தபடிதான் நடந்தது. அப்புறம் பிரியாவின் கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பூ வைக்கிற அன்றைக்குக் கட்டப்போகிற புடவையைப் பற்றி ஆரம்பித்தாள். அவள் குரல் கொல்லை வரைக்கும் கேட்டது.

இதோ, முந்திரி வாசனை வந்துவிட்டது.

பிரவின் எழுந்து ஜன்னலோரம் போனான். சமையலறையில் யாருமில்லை. போட்டான் மெசேஜ். ஓவனுக்குப் பக்கத்தில் மேடையின் மேலேயே கிடந்த பிரியாவின் போன் ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. அட கடவுளே, போனை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னொரு மெசேஜ் போட்டான். அதுவும் அவன் கண்முன்னாலேயே ஒளிர்ந்து அணைந்தது. ஹாலில் பிரியா எழுந்திருக்கப் பார்ப்பதும், ராஜாம்பாள் உட்காரும்மா, அதுபாட்டுக்கு வேவுது, எங்க ஓடற என்று இழுத்து உட்கார வைப்பதும் காதில் விழுந்தது. வாசனையில் ஒரு ஓரம் கசக்க ஆரம்பித்தது.

தண்ணீர் எடுக்க மலர்கொடி உள்ளே வந்தாள். பிரவின் ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்து, அம்மா, ஃபாயில் என்று கிசுகிசுத்தான். அவள் மகனைப் பார்த்தாள், ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள், முகம் வெளிறிப்போய் ஜன்னல் கதவை அவன் மூக்குக்கு நேராகச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது பார்க்கவும் முடியாது, மோந்து பார்க்கவும் முடியாது. கருகினால் பொய் வெளியே வரும். உள்ளே போனாலும் பொய் வெளியே வரும். போகாமல் இருந்தால், ஏதோ இன்றைக்குச் சரியாக வரவில்லை என்று அம்மா சமாளித்தாலும் சமாளிப்பாள். அக்காவின் வாழ்க்கை. பேசாமல் வேலிச் சந்து வழியாகப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். கொய்யா மரத்தடிக் குழியைப் பார்த்தான். நிஜத்தைச் சொல்ல வேண்டுமானால், அந்த நேரத்தில் அக்காவைவிடக் கேக்தான் அவனைப் போட்டு வதைத்தது. அதை அப்படிக் கருகவிட அவன் மனசு கேட்கவில்லை.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஓவனைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. தோளில் கிடந்த துண்டாலேயே தட்டை இழுத்தான். நல்லவேளை, ஒரு ஓரம்தான் கருத்திருந்தது. ஃபாயிலைக் கிழித்துப் போர்த்தினான், தட்டைத் திருப்பி வைத்தான், குமிழைக் கீழ்க் கம்பிக்குத் தள்ளினான், அதிகச் சூடு வெளியே போகட்டும் என்று கதவு இடுக்கில் மரக்கரண்டியைச் செருகினான். எதையும் யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டுக்கு ஓடியது. நிமிர்ந்து திரும்பினால், சமையலறை வாசலில் ராஜாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அப்பா, அம்மா, அக்கா.

"பிரண்டு வூட்டுக்குப் போயிருக்குதுன்னு சொன்னாங்களே தம்பி," என்றாள்.

இப்பத்தான் வந்திருப்பான் என்று குஞ்சிதபாதம் முந்திக்கொண்டார். அக்காவுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுவான் என்று மலர்கொடி சேர்த்துக்கொண்டாள். ராஜாம்பாள் ஓவன் கதவில் செருகியிருந்த மரக்கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரியா முன்னால் வந்தாள்.

"அவன்தான் செய்வான் அத்தை. அன்னிக்கு நீங்க சாப்புட்டதும் அவன் செஞ்சதுதான். இன்னிக்கு மாவு கலக்குனதும் அவன்தான். எனக்கு ஊத்த மட்டுந்தான் தெரியும்."

மலர்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜாம்பாள் கத்தவில்லை. அவள் கத்துவாள் என்றுதான் பிரவின் எதிர்பார்த்தான். அவள் போய் ஹால் நாற்காலியில் உட்கார்ந்து, பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பிளாக் பூரா சொல்லிகினு திரிஞ்சேன்மா. எதிர்வூட்டுக்காரி சிரிச்சா. பொண்ணு பாக்கப் போன வூட்டுல எல்லாருந்தான் அப்படிச் சொல்லுவாங்கன்னா. எம் மருமவ அப்படி இல்ல, வீடியோ எடுத்தாந்து காட்டறேன் பாருன்னு சண்ட போட்டுட்டு வந்திருக்கேன். இப்ப நான் போயி என்னான்னு சொல்றது?"

பிரவினுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்குக் கோபமில்லை, அவமானம். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. துண்டு போட்டு மூடப்பட்டவனுக்குத் தெரியாதா.

குஞ்சிதபாதம் கைகளைப் பிசைந்துகொண்டு ஒரு வழி சொன்னார். வீடியோவில் பிரியாதானே இருக்கிறாள், அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். விழாவுக்கும் பையன் இங்கேயே செய்து கொடுத்துவிடுவான். வெளியில் பெண்ணின் பேர் இருக்கட்டும். இந்த நாலு சுவருக்குள் இருப்பவர்களைத் தவிர யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லச் சொல்ல அவருக்கே அது நல்ல யோசனையாகப் பட்டு, முகம் கொஞ்சம் தெளிந்தது. பிரவினை ஒரு பேச்சுக்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜாம்பாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்தாள். அவள் யோசிப்பதையே பிரவின் பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்றுவிட்டால் அக்கா பிழைத்தாள். தான் இனிமேல் காலத்துக்கும் கொல்லைக் கல்தான். சரி என்று சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

"வேணாம்பா," என்றாள் பிரியா. "அப்புறம் அவங்க வூட்டுல ஒவ்வொரு விசேஷத்துக்கும் இவன் வந்து பின்னாடி ஒளிஞ்சிகினு ஒக்காந்திருக்கணுமா? என்னால முடியாது."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதாளே தவிர, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

தன் பையன் விஜிக்கு இது தெரியுமா என்று ராஜாம்பாள் கேட்டாள். பிரியா இல்லை என்று தலையாட்டினாள். ராஜாம்பாள் எழுந்து போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் போகவும் இல்லை, பேசவும் இல்லை. மலர்கொடி வைத்த காபியில் ஆடை படிந்தது. குஞ்சிதபாதம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஏதாவது பேசினால் எல்லாம் உடைந்துவிடும் போலிருந்தது. பிரவினுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நிலைப்படியில், துண்டும் கையுமாக நின்றான்.

சமையலறையில் இருந்து வாசனை மெல்ல ஹாலுக்கு வந்தது. கசப்பு போயிருந்தது. வெல்லமும் வெண்ணெயும் ஒன்றோடொன்று கலந்து ஆழமாக இறங்கியிருந்தன.

ராஜாம்பாள் தலையைத் தூக்கினாள். பிரியாவைப் பார்க்கவில்லை, அவள் அப்பாவையும் பார்க்கவில்லை.

"தம்பி, எடுக்கலாமா?"

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். காலையில் மூஞ்சியைக் காட்டாதே என்று சொன்ன அப்பா, இப்போது அந்த மூஞ்சியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிடுடா, அந்தம்மா எழுந்து போவதற்குள் ஒரு துண்டாவது வாயில் வைக்கட்டும் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பிரவின் மூச்சை இழுத்துப் பார்த்தான். மேலே ஆகிவிட்டது. நடுவில் இன்னும் ஈரம் இருக்கிறது.

"இல்லங்க," என்றான். "இன்னுங் கொஞ்ச நேரம் ஆவும்."

ராஜாம்பாள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பையை எடுத்துக் காலடியில் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.