நல்லம்மாவின் வேகம்

பசறையிலிருந்து வரும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கேசட் ரெக்கோடரை கலாராணி கண்ணாடி மேசையில் இறக்கி வைத்தாள். கடைக்காரி றுஸைனா அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்னக் கடைக்கு உடைந்த போன்களைத் தவிர வேறொன்றும் வருவதில்லை.

"என்னக்கா, இது ரிப்பேருக்கு வந்த சாமானா, அடக்கம் பண்ண வந்த மையத்தா?"

சொன்ன பிறகுதான் வந்தவளின் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். றுஸைனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு முடியல. இன்னைக்கோ நாளைக்கோன்னு தோட்டத்து டாக்டரையா சொல்லிட்டாரு. அம்மா குரலக் கேக்கணும்னு ஒரே புடியா நிக்கிறாரு. மத்தியான பஸ்ஸுக்கு நான் திரும்பணும் தங்கச்சி."

"அம்மா எங்க?"

"அம்மா இதுக்குள்ளதான்."

தொண்ணூற்றாறாம் ஆண்டு நல்லம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது கலாராணிக்கு நாலு வயது. நல்லம்மாவுக்கு எழுதத் தெரியாது. வேலை செய்த வீட்டில் ஒரு கேசட்டில் பேசி, ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். அந்த ஒரு கேசட்தான். இரண்டு வருடம் கழித்து ஆணியடித்த பெட்டி ஒன்று வந்தது. அதைத் திறக்கக் கூடாது என்று சொன்னார்கள்.

கேசட்டைக் கேட்பதற்காகவே கலாராணியின் அப்பா மாரிசாமி பசறைச் சந்தையில் பழைய ரெக்கோடர் ஒன்று வாங்கினார். ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் வாசலை மூடிவிட்டு அதைப் போடுவார். கிணற்றின் அடியிலிருந்து இழுத்தெடுத்த மாதிரி, கனத்து, இழுபட்டு, அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசும் ஒரு குரல் வரும். "நீங்க ஆக்கிற சோத்த நெனச்சா எனக்கு..." என்று தொடங்கும் இடத்தில் அந்தக் குரல் உடைந்து விம்மும். அவளை வெளிநாட்டு ஏஜென்சிக்குக் கூட்டிப்போய்க் கைநாட்டு வைக்கச் சொன்னவர் மாரிசாமிதான். "நான் பட்டினி கெடப்பேன்னு அழுவுறா பாரு. மன்னிச்சிரு புள்ள" என்று ரெக்கோடரைப் பார்த்துச் சொல்வார். முப்பது வருடம் ஆகப்போகிறது, அந்த மன்னிப்பு இன்னும் முடியவில்லை. போன மார்கழி மழையோடு ரெக்கோடர் நின்றுபோனது. இப்போது அவரும் நிற்கப் போகிறார். கடைசியாக ஒருமுறை அவளிடம் மன்னிப்புக் கேட்காமல் கண்ணை மூட மாட்டேன் என்கிறார்.

றுஸைனா பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே பெல்ட் உருகித் தார் மாதிரி சக்கரங்களில் ஒட்டியிருந்தது. காது குடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து எடுத்து எடுத்துத் துடைத்தாள். பஞ்சு கறுக்கக் கறுக்க கலாராணி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் சக்கரம் கண்ணாடி போல் இறுகியிருந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்தாள். பிறகு மெல்லிய இரும்புத் தண்டு ஒன்றை விரலால் சுற்றப் பார்த்தாள். அது அசையவில்லை.

"இதுதான் டேப்ப இழுக்கிற கம்பி. உள்ளுக்குக் கிரீஸ் மெழுகாப் போயிருக்கு. பாவம், ஓட ஏலாம ஓடியிருக்கு இவ்வளவு காலமும்."

தண்டைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். செத்துப்போன டிவிடி பிளேயர் ஒன்றிலிருந்து பெல்ட்டைக் கழற்றி மாட்டினாள். பழைய பாட்டுக் கேசட் ஒன்றை ரெக்கோடரிலும் அதே பாட்டைப் போனிலும் ஒன்றாக ஓடவிட்டு, மோட்டரின் முதுகிலிருந்த சின்ன ஓட்டைக்குள் மெல்லிய திருப்புளியை விட்டுத் திருகினாள். முன்னும் பின்னுமாக ஓடிய இரண்டு பாட்டும் நெருங்கி, நெருங்கி, ஒரே பாட்டாகின.

"இந்தப் பக்கம் திருப்பினா வேகம். அந்தப் பக்கம் மெது. இப்ப கம்பெனியில செஞ்ச கணக்குக்கு நிக்குது. குடுங்க அம்மாவ."

கேசட் ஓடியது. ஒரு பெண் படபடவென்று பேசினாள். சிவப்பு லைட் எரிகிறதாம், அப்படியென்றால் மெஷின் கேட்டுக்கொண்டிருக்கிறதாம், தூங்கவில்லையாம். இளம் குரல். "நீங்க ஆக்கிற சோத்த நெனச்சா எனக்கு..." என்றவள் அடக்க மாட்டாமல் சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள்.

"இது எங்கம்மா இல்ல" என்றாள் கலாராணி. "எங்கம்மா அழுதுகிட்டே பேசும்."

றுஸைனா கேசட்டை நிறுத்தினாள். "அவங்க அழல்லக்கா. ஒங்கட மெஷின்தான் அழுதிருக்கு."

திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கலாராணி ரெக்கோடரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்தி உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறாள். கலாராணியைவிட இளையவள். அழாத ஒருத்தியிடம் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இதச் சொல்ற வரைக்குமாவது மூச்சப் புடிச்சுக்கிட்டு இருங்கப்பா. நமுனுகுல மலையை மூடியிருந்த மேகத்தைப் பார்த்து அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சந்திரகாந்தி மாரிசாமியின் உதட்டில் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா! ரெண்டு தரம் கேட்டுட்டாரு."

கலாராணி கேசட்டைப் போட்டாள். மாரிசாமி கண் திறந்தார். கேட்டார். அவருடைய முகம் மெல்ல இறுகியது.

"யாரு இவ?"

"அம்மாப்பா. மெஷினு இவ்வளவு நாளும் மெதுவா ஓடியிருக்கு. அம்மா அழுவல. நல்லாக் கேளுங்க, சிரிக்குது."

"எவளோ பல்லக் காட்டிக்கிட்டுப் பேசுறா. சாகப்போறவன்கிட்ட வெளையாடுறியா? எம்பொண்டாட்டிய எனக்குத் தெரியாது? நல்லம்மாவப் போடு."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் முதலில் இந்தக் குரல்தானே தெரிந்திருக்கும் என்று கலாராணி நினைத்தாள். வாசலில், கொழுந்து பறிக்கும் மலையில், கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்ட குரல். ஞாயிற்றுக்கிழமைகள் அதை அழித்து மேலே வேறொன்றைப் பதிந்துவிட்டன.

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் இப்போது பெரிய இடைவெளி விழுந்தது. சந்திரகாந்தி கிசுகிசுத்தாள்: "பழையபடியே ஆக்கிக் குடுத்துரு புள்ள. போற மனுசன் கேட்டதக் கேட்டுட்டுப் போகட்டும்."

"மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போகச் சொல்றீங்களா அக்கா?"

கலாராணி சந்திரகாந்தியின் தையல் மெஷின் பெட்டியிலிருந்த மெல்லிய திருப்புளியைக் கேட்டு வாங்கி வந்தாள். மூடியைக் கழற்றினாள். கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, மோட்டரின் ஓட்டைக்குள் திருப்புளியை விட்டு மெதுப் பக்கமாகத் திருகினாள். குரல் இறங்கியது, கனத்தது, கிணற்றுக்குள் போனது. அளவுக்கு மிஞ்சித் திருகியதில் ஒரேயடியாக இறங்கி உறுமியது; கொஞ்சம் ஏற்றினாள். அங்கே நின்றாள், அந்தப் பழைய அழுமூஞ்சி நல்லம்மா.

மாரிசாமி சுவரிலிருந்து திரும்பினார். "வந்துட்டியா புள்ள" என்றார். கண்ணோரம் நனைந்தது. "நான்தான் ஒன்ன..."

சிரிப்பு வருவதற்கு எட்டு நிமிடம் இருந்தது. கலாராணி திருப்புளியை ஒரு மயிரிழை வேகப் பக்கமாகத் திருப்பினாள். காத்திருந்தாள். இன்னொரு மயிரிழை. ஒருமுறை கை வழுக்கிக் குரல் துள்ளியது, அவர் புருவம் சுருங்கியது, பின்னுக்கு எடுத்தாள். எடுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். நல்லம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றிலிருந்து ஏறிவந்தாள். அவர் உதடு அவளுடைய சொற்களோடு கூடவே அசைந்தது. முப்பது வருடப் பாடம். குரலின் வேகம் கூடக் கூட அவரும் வேகம் கூட்டினார்.

"சளி கொறஞ்சிருக்கு அவளுக்கு" என்றார் ஒரு தடவை.

"ஆமாப்பா."

திருப்புளி நின்றது. வேகம் சரியாக இருந்தது. "நீங்க ஆக்கிற சோத்த நெனச்சா எனக்கு..."

நல்லம்மா சிரித்தாள். காம்பரா முழுக்கச் சிரித்தாள். சந்திரகாந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரிசாமியின் உதடு நின்றுவிட்டது.

"சிரிக்கிறாளா?"

"சிரிக்குதுப்பா. ஒங்க சமையல நெனச்சு."

"அப்பவுமா? பேசயில? அப்பவும் சிரிச்சாளா?"

"அப்பவும்தான்பா. அழவே இல்ல."

அவர் ரெக்கோடரைப் பார்த்தார். அதன் திறந்த முதுகை, சுழலும் சக்கரத்தை, மகளின் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். ஏதோ ஒரு பெரிய கணக்கு தப்பிப்போனவரைப் போல் அவருடைய கண்கள் அலைந்தன.

"அப்ப நான் எதுக்கு..."

கலாராணி அவர் வாயருகே காதை வைத்துக் குனிந்தாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நல்லம்மா, சிரிப்பு இன்னும் அடங்காத குரலில், சோற்றுக்கு எத்தனை கோப்பை தண்ணீர் வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.