மகிமா உட்கார்ந்த பெட்டி

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், கதை சின்னதுதான், ஒருத்தி ஒரு வரியைச் சொல்ல வாய் திறந்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் நடந்தது, அவ்வளவே.

…‘இந்தப் பெட்டியின் சத்தம்தான் என் சத்தம்’, கம்பெனி எழுதிக்கொடுத்த வரி இவ்வளவுதானே, சொல்லிவிட்டால் முடிந்தது, கம்பெனி ஆள் ஜோமோன் சார் வீடியோ எடுக்கச் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கொச்சியிலிருந்து மலையேறி போடி மெட்டு இறங்கி வந்த மனிதர், அவரைக் காக்க வைக்கலாமா, ஆனால் நாக்கு ஏன் புரளமாட்டேன் என்கிறது? தேனி கடைவீதியில் பலவேசம் அண்ணாச்சியின் இசைக்கருவிக் கடை, சுவரெல்லாம் கிதார் தொங்க, நடுவில் மரப்பெட்டிமேல் மகிமா. கஹோன் என்கிறார்கள் அந்தப் பெட்டியை, அதன்மேலேயே உட்கார்ந்து கால்களுக்கு நடுவே முகப்பலகையைத் தட்டினால் உள்ளே ஒரு டிரம் செட்டே ஒளிந்திருப்பதுபோலப் பேசும். போடி சர்ச்சிலும் கல்யாணக் கச்சேரியிலும் அவள் தட்டுவதை யாரோ வீடியோ எடுத்துப் போட, அதைப் பெட்டி செய்கிற கம்பெனியே பார்த்துவிட்டது, எங்கள் கலைஞர் என்று உங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஆளையே அனுப்பிவிட்டது. எதற்காக? நன்றாக வாசிக்கிறேன் என்றா? நன்றாக வாசிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்களே… அண்ணாச்சி முன்பே சொல்லித்தான் வைத்திருந்தார், “சும்மா தூக்கிக் குடுத்துருவாகன்னு நெனைக்காத ஆத்தா, மொதல்ல வெலையத்தேன் கொறைப்பாக, நீ மேடை மேடையா ஏறுறத ஊரு பாக்குதுன்னு தெரிஞ்சாத்தேன் பெட்டி சும்மா வரும், அதுக்கப்பறம் வேற கம்பெனிப் பெட்டியில நீ குண்டி வைக்கக் கூடாது, பாத்துக்க.” ஒருத்தர் வீட்டுக்குப் போய், அங்கே வேறு பெட்டியைப் போட்டு உட்காரம்மா என்றால் நின்றுகொண்டே இருக்கணுமா? கல்யாணம் கட்டிக்கொடுக்கிறபோதுகூட இப்படிக் கண்டிஷன் போடமாட்டார்களே… ஆனால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டோவும் அதன்கீழே மகிமா என்று பெயரும் வருமாம். பெயர்! கச்சேரி மேடையில் பாடுகிறவர் பெயர் சொல்வார்கள், கீபோர்டுக்காரர் பெயர் சொல்வார்கள், அவளிடம் வரும்போது மட்டும் ‘பெட்டி தட்டுறது நம்ம போடிப் பொண்ணு’, அதற்கொரு கைதட்டு, எத்தனை கல்யாணத்தில் வாசித்தாலும் போடிப் பொண்ணு போடிப் பொண்ணுதான்.

சொல்லிவிடு, சொல்லிவிடு… ஆனால் அந்தச் சத்தம் பெட்டியினுடையது இல்லையே. வாங்கிய புதிதில் வெறும் பலகையாகக் கணகணவென்று கத்தியது இது. அம்மா சாராள் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்திலிருந்து கொண்டுவந்த பழஞ்சாக்கைக் கிழித்து, முதுகுப்பக்க ஓட்டை வழியாகத் திணித்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் ஓரமாக, உருவி, மடித்து, திரும்பத் திணித்து, எத்தனை சாயங்காலம் அதிலேயே போயிருக்கும், ஒருநாள் தட்டியபோது தும் என்று அடிவயிற்றில் இறங்கியது, அதுதான், அதேதான்! இன்றைக்குக் காலையில் அந்தச் சாக்கை உருவி வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தாள், எங்கள் பெட்டியை ஏன் இப்படிக் கெடுத்தாய் என்று கேட்டுவிட்டால்? சற்றுமுன் இங்கே வெறும் பெட்டியைத்தான் தட்டிக் காட்டினாள், ஜோமோன் சார் கையைத் தட்டி, “சூப்பர்! வீடியோவில கேட்ட அதே சவுண்டாணு!” என்றார். அதேயா? கூச்சத்தில் அவள் குனிந்துகொண்டாள். அண்ணாச்சிதான் கிதாரைத் துடைத்தபடியே, “என்னாத்தா, இன்னைக்கிப் பெட்டி வெறும் வயித்தோட பேசுது? நீ மட்டும் இட்டிலியத் தின்னுட்டு வந்துட்டியாக்கும்?” என்றார், சார் அதை வேடிக்கைப் பேச்சென்று சிரித்தார், அவளுக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. சாருக்குக் கேட்கவில்லையா? இல்லை, கேட்டும் பரவாயில்லையா? அப்படியென்றால் எதற்காக இத்தனை தூரம் வந்தார்?

“சார், உள்ள சாக்கு வச்சுத்தேன் வாசிப்பேன். நீங்க வீடியோவுல கேட்டது அந்தச் சத்தம். இது வேற.” வாய் தானாகவே சொல்லிவிட்டது. போச்சு, போட்டோ போச்சு, பெயர் போச்சு… ஜோமோன் சாரோ போனைத் தாழ்த்தாமலே, “சாரமில்ல, பரவாயில்ல மகிமா, ஒருத்தர் டவல் வைக்கும், ஒருத்தர் தலகாணி வைக்கும். ஜனங்க உங்க கையப் பார்க்கும், பின்னே கீழ எங்க பேரைப் பார்க்கும். அது போதும்” என்றார். “அப்ப காதுக்கு வேலையே இல்லேங்குறீகளா?” என்று அண்ணாச்சி கேட்க, “காது ஃப்ரீயாணு அண்ணாச்சி!” என்றார் அவர், இரண்டு பேருமே சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம், நம் வீட்டிலேயே இதுவரை திறக்காத கதவொன்றைப் பார்த்ததுபோல இருந்தது. கச்சேரி முடிந்து வந்து கையைப் பிடிக்கிற அக்காமார்கள் என்ன கேட்பார்கள்? வலிக்கலையா, பொட்டப்பிள்ளைக்கு எப்படி இது வந்துச்சு, எல்லாம் கேட்பார்கள், சத்தத்தைப் பற்றி ஒருத்தி வாய் திறந்திருக்கிறாளா? அப்படியென்றால் அந்தச் சாயங்காலங்களெல்லாம் யாருக்காக? கவனித்த ஒரே ஆளும் கொடுக்க ஒன்றுமில்லாத அண்ணாச்சி, கொடுக்கிறவருக்கோ அது வேண்டியதே இல்லை…

“ம், சொல்லுங்க,” என்கிறார் சார். அவள் நிமிர்ந்தாள். “எம் பேரு மகிமா. ஊரு போடி. இது நான் உக்காந்து வாசிக்கிற பெட்டி, நல்ல பெட்டி. சத்தம் நான் பண்ணிக்கிட்டது.” சார் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “கடைசி வரி… கம்பெனியில கேட்டுப் பார்க்கணும்” என்றார். கேட்கட்டும். சேர்த்துக்கொள்வார்களோ, அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்வார்களோ, வெட்டினால் நான் சும்மா இருப்பேனோ? அது தெரியவில்லை, தெரிந்தது ஒன்றுதான், இனி எந்த மேடையில் உட்கார்ந்தாலும் கூட்டத்தில் பார்க்கிறவர் யார் கேட்கிறவர் யார் என்று தேடாமல் அவளால் தட்ட முடியாது…

உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வராது கண்ணுகளா. அடுப்படியில் நீங்கள் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே உங்கள் மனசு இன்றைக்கு எப்படி என்று கண்டுகொள்கிற காது ஒன்று அங்கே என்றைக்கும் இருக்கட்டும்.