மூடியில் எழுதாதே

என் ஓரகத்தியும் நானும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்வது போதாதென்று ஒரே ஆய்வகத்திலும் வேலை பார்க்கிறோம். எனக்கு அங்கே பன்னிரண்டு வருடம். அவள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் டைரக்டர் முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லார் வாயிலும் சின்னவள் பேச்சுதான். வீட்டில் மாமியாருக்கும் அவள் வைத்ததே சட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே?

எங்கள் வேலை ஈஸ்டில். ரொட்டி மாவைப் பொங்கவைக்கிற அதே ஈஸ்ட். அதன் செல்லுக்குள் கைனேஸ் என்றொரு புரதக் குடும்பம் உண்டு. மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, ‘ம், இப்போது பிரி’, ‘கொஞ்சம் பொறு’ என்று வேலை ஏவுவது இவைதான். ஈஸ்டும் மனிதனும் எத்தனையோ கோடி வருடம் முன்பே பிரிந்தாலும் இந்தக் குடும்பம் பெரிதாக மாறவில்லை. அப்படியானால் ஈஸ்டின் கைனேஸை முடக்கிவிட்டு மனிதனுடையதைக் கொடுத்தால் அது பிழைக்குமா? ஐந்து வருடம் முன்னால் நான் செய்து பார்த்தேன். ஒரு புள்ளிகூட வளரவில்லை. நடக்காது என்று அடித்துச் சொன்னேன். டைரக்டரும் கோப்பை மூடினார்.

சின்னவள் வந்ததும் வராததுமாக அதைத்தான் தோண்டினாள்.

“அக்கா, மனுஷங்ககிட்ட இதே குடும்பத்துல இன்னொரு கைனேஸ் இருக்கே, அதைப் போட்டுப் பார்க்கவா?”

“தாராளமா பாரு” என்றேன். விளங்காமல் போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இது பலிக்காவிட்டால் மாதக் கடைசியோடு அவள் வேலை முடிகிறது.

இரண்டு தட்டு போட்டாள். ஒன்றில் மனிதக் கைனேஸ் கொடுத்த ஈஸ்ட், மற்றதில் எதுவும் கொடுக்காத ஈஸ்ட். முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் வைத்தால் அந்தச் சூட்டில் ஈஸ்டின் சொந்தக் கைனேஸ் முடங்கிவிடும்; இரண்டாவது சாக வேண்டும். ‘மனிதன்’, ‘வெறும்’ என்று வழக்கம்போல மூடிமேல் எழுதினாள்.

“மூடியில எழுதாதடி, தட்டுல எழுது. மூடி மாறிப்போச்சுன்னா என்ன பண்ணுவே?” என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். “சரிக்கா” என்பாள். அடுத்த நாளும் மூடியில்தான் எழுதுவாள்.

மூன்றாம் நாள் காலையில் நான்தான் முதலில் போனேன். பெட்டியைத் திறந்தேன். ‘மனிதன்’ தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக வளர்ந்திருந்தது. ‘வெறும்’ தட்டில் ஒன்றுமில்லை. பாவி, சாதித்துவிட்டாள்! அக்கம்பக்கம் பார்த்தேன். இரண்டு மூடிகளையும் கழற்றி மாற்றிப் போட்டேன். ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

பத்து மணிக்கு டைரக்டர் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“வெறும் தட்டுல எப்படிம்மா வளரும்? வெளியே இருந்து ஏதோ கலந்திருக்கு. இப்படிச் சுத்தமில்லாம வேலை பார்த்தா, உன்னை நம்பி நான் எப்படி நீட்டிப்பு கேட்கிறது?”

அவள் மூடியைத் திறந்து தட்டின் பக்கவாட்டைத் திருப்பினாள். மூடியின் விளிம்பு மறைத்திருந்த இடத்தில், எறும்பு எறும்பாக நீல எழுத்து. வளர்ந்த தட்டில் ‘மனிதன்’ என்றிருந்தது. அவசரத்தில் என் கண்ணில் அது படவே இல்லை.

“சார், மூடிதான் மாறியிருக்கு. அக்கா சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அதனால இந்தத் தடவை தட்டுலயும் எழுதினேன். என் தப்புதான், நான்தான் மாத்தி மூடிட்டேன்.”

“அடடே!” என்று டைரக்டர் மேசையைத் தட்டினார். “பெரியவங்களுக்கு ஒரு கும்பிடு போடும்மா.”

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, மூடியை நான் மாத்தல.”

“தெரியும்.”

“ஏன்கா?”

“பொறுக்கலடி” என்றேன். வேறென்ன சொல்ல?

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் கேட்டார்: “இன்னைக்கு என்னமோ முடிவு தெரியும்னியே, என்னாச்சு?”

“ஜெயிச்சாச்சு அத்தை. அக்கா மட்டும் சொல்லித் தரலைன்னா இன்னைக்கு என் வேலையே போயிருக்கும்.”

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டுக்கு நான் வந்து பதினாலு வருடத்தில் முதல் தடவையாக, எனக்கு முதலில் பரிமாறினார். ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.