வாசலில் ஒரு மூச்சு

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, நிலை இடிக்குது" என்றார் பெயிண்டரின் அண்ணன். நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் திணறினார்கள். பெயிண்டரின் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள். கதவில் அவன் அடித்த நீலம் இன்னும் மங்கவில்லை. ஊர்ச் சுவருக்கெல்லாம் அடிக்கிறவனைச் சொந்தக் கதவுக்கு அடிக்க வைக்க அவள் மாதக்கணக்கில் நச்சரிக்க வேண்டியிருந்தது.

அவன் குடியை விட்டதிலிருந்து இந்த வாசலில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து வந்தால் நேராக உள்ளே கால் வைக்கமாட்டான். அவள் மூக்குக்கு நேரே முகத்தை நீட்டி 'ஹா' என்று ஊதுவான். சட்டையெல்லாம் பெயிண்டில் கலக்கும் தின்னர் நெடி அடிக்கும். அதனால் வாயருகே வந்துதான் மோந்து பார்க்க வேண்டும்.

"பாஸா, ஃபெயிலா?"

"பாஸ். போய்க் குளிங்க."

சந்தேகத்தில் தொடங்கியது, போகப்போக விளையாட்டாகிவிட்டது.

போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. ஒருநாள் வேலையிலிருந்து பாதியில் திரும்பியவனின் கண் மஞ்சளாக இருந்தது. குடித்த காலத்தில் ஈரல் கெட்டுப்போனது அவளுக்குத் தெரியும்.

"சத்தியமா தொடலடி" என்று அவன் ஊதினான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்றே நினைத்தாள். அதற்குப் பிறகு அவன் ஊதவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இது குடியால வந்தது இல்லம்மா. ஹெபடைடிஸ் ஏ, ஒரு வைரஸ். சாக்கடை கலந்த தண்ணி, சுத்தமில்லாத சாப்பாடு வழியா உள்ள போய் ஈரலைத் தாக்கும். அதே கட்டிடத்துல வேலை செஞ்ச ரெண்டு பேருக்கும் இதுதான். எல்லாரும் ஒரே டிரம் தண்ணியைக் குடிச்சிருக்காங்க."

"அவங்களுக்கு எப்படி இருக்கு?"

"தேறிட்டாங்க. கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஓய்வெடுத்தாலே சரியாயிடும். இவருக்கு ஈரல் முன்னாடியே அடிபட்டது. தாங்கல."

அவள் கட்டிலுக்கு ஓடினாள். மூக்கையும் வாயையும் ஆக்ஸிஜன் முகமூடி மூடியிருந்தது. "நீங்க குடிக்கலங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று காதில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் கண் திறக்கவில்லை. அன்று மாலையே எல்லாம் முடிந்தது. சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று யாரைக் கேட்பது?

இப்போது உடல் வாசலுக்கு வந்து நிற்க, தெருவில் யாரோ முணுமுணுத்தார்கள். "ஈரல் போச்சுன்னா வேற என்ன? விட்டேன் விட்டேன்னு வாய்ல சொல்றதுதான்."

அண்ணன் கேட்காதவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

"அவர் குடிக்கல" என்றாள் அவள். குரல் தெருக்கோடி வரை கேட்டது. "வேலை செஞ்ச இடத்துல கெட்ட தண்ணி. அதுல வந்த கிருமி. டாக்டரே சொன்னாரு. விட்டதுல இருந்து அவர் ஒரு சொட்டு தொடல."

அண்ணன் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ள கொண்டு போலாமாம்மா?" என்றார் மெதுவாக.

"கொஞ்சம் இருங்க மாமா."

அவள் குனிந்தாள். கணவனின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் அப்படியே இருந்தாள். தூக்கியிருந்தவர்களுக்குக் கை வலித்தது. ஆனாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை. தின்னர் நெடிகூட இல்லை.

பிறகு நிமிர்ந்து, கதவைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வரட்டும்" என்றாள்.