பச்சை விளக்கும் மேயரின் தலையும்

பல்கேரியாவில், டான்யூப் நதிக் கரையோரச் சின்ன ஊர் அது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் செயற்கை அறிவு சொல்லிக்கொடுக்க ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகமான ப்ரஸ்ஸல்ஸிலிருந்து இருபது கணினிகள் வந்தன. பள்ளிக்கு வந்து சேர்ந்தது இரண்டு. மீதிப் பதினெட்டும் நகர்மன்றத்தின் இரண்டாம் மாடியில், குமாஸ்தாக்கள் சீட்டு விளையாட வாகாக இருந்தன. கணக்கு ஆசிரியை ஸ்னெஜானா ஒரு வருடம் கேட்டுக் கேட்டு நாக்குத் தள்ளிப்போய், இருபத்திரண்டு பிள்ளைகளையும் அந்த இரண்டைச் சுற்றியே உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். தலையசைப்பைப் பார்த்து, 'ஆமாம்' என்றால் பச்சை விளக்கும் 'இல்லை' என்றால் சிவப்பு விளக்கும் எரியவிடும் எந்திரம் ஒன்றைப் பழக்கினார்கள். பழக்குவதற்கு ஆயிரம் தலைகள் வேண்டுமே! காமிராவைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். "தக்காளி நல்லா இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர்கள் எல்லோரும் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்கள். பல்கேரியாவில் ஆமாம் என்றால் அப்படித்தான்; இல்லை என்றால்தான் மேலும் கீழும். 'இல்லை'க்குத்தான் திண்டாட்டம். பதின்மூன்று வயது ரலிட்சா, வாய்த்துடுக்குக்காரி, "மேயர் ரோடு போட்டாரா?" என்று கேட்டுப் பார்த்தாள். ஒரே மதியத்தில் ஐந்நூறு தலைகள் மேலும் கீழும் ஆடின.

ப்ரஸ்ஸல்ஸ் அதிகாரி பார்வையிட வருகிறாள் என்றதும் மேயர் ஹரலாம்பி அலறிப்புடைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்.

"என்னம்மா கூத்து இது? ஐரோப்பாக்காரங்க ஆமான்னா மேலயும் கீழயும்தான் ஆட்டுவாங்க. அந்தம்மா ஆமான்னு ஆட்டி, சிவப்பு எரிஞ்சா ஊர் மானம் கப்பலேறிடும். மாத்து!"

"நாமளும் ஐரோப்பாதானே சார்?" என்றாள் ஸ்னெஜானா.

"வியாக்கியானம் வேணாம். இன்னொண்ணும் கேட்டுக்கோ. கம்ப்யூட்டர் விஷயமா அந்தம்மா வர்ற அன்னிக்கு நீ வாயைத் திறக்கக்கூடாது. திறந்தே, மறுநாளே இந்த ரூம் பென்ஷன்காரங்க டான்ஸ் ஒத்திகைக்குப் போயிடும்."

ஸ்னெஜானாவுக்கு ஆத்திரம்தான். ஆனால் அறை போனால் இருக்கிற இரண்டு கணினியும் போச்சு. வாயை மூடிக்கொண்டாள். ரலிட்சா 'ஆமாம்', 'இல்லை' இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாள். எந்திரம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மேயரும் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று மேலும் கீழும் ஆட்டிப் பழகினார். கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதிகாரி வெர்மூலன் வந்தாள். வாசலில் ரொட்டியும் உப்பும், உள்ளே சுடச்சுட பனிட்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரம். காமிரா முன்னால் அவளை உட்காரவைத்து, "பனிட்சா பிடிச்சிருக்கா?" என்று ரலிட்சா கேட்டாள். தலை மேலும் கீழும் ஆடியது. பச்சை! மேயர் கைதட்டிய தட்டில் ஜன்னல் அதிர்ந்தது.

"இப்போ நீங்க உட்காருங்க," என்று மேயரிடம் சொன்னாள் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் மூலமாக. அடுத்ததைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். "நாங்க அனுப்பின இருபது கம்ப்யூட்டரும் பிள்ளைங்க கைக்கு வந்துச்சா?"

"ஆமாங்க, வந்துச்சே!" என்றது மேயரின் வாய். தலை? ஒரு வாரப் பழக்கம் எங்கே, ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம் எங்கே! இடமும் வலமுமாக ஆடிவிட்டது. சிவப்பு.

"கோளாறுங்க! சின்னப் பசங்க செஞ்சது! வந்துச்சுங்க, சத்தியமா எல்லாம் வந்துச்சு!" இன்னும் வேகமாக ஆட்டினார். சிவப்பு அணைவேனா என்றது. பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கமுடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதிகாரி ஸ்னெஜானாவின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், எந்திரம் சொல்றது சரிதானா?"

மேயர் முறைத்தார். ஸ்னெஜானா அறையை நினைத்தாள். ஒரு கணினிக்குப் பதினொரு பேராகக் காத்துக் கிடக்கும் பிள்ளைகளையும் நினைத்தாள். பேசாமல் நடந்து வந்து, மேயரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேயர் ஆசைப்பட்ட ஐரோப்பிய முறைப்படியே, காமிராவை நேராகப் பார்த்து, மெதுவாக மேலும் கீழும் தலையை ஆட்டினாள்.

பச்சை.

"மீதியெல்லாம் எங்கே இருக்கு?" என்று எழுந்தாள் அதிகாரி.

"நகர்மன்றத்து ரெண்டாவது மாடி! வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்!" ரலிட்சா அதற்குள் வாசலுக்கே போய்விட்டாள். பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மேயர் பல்லைக் கடித்தார். "வாயைத் திறக்காதேன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"திறக்கலையே சார்," என்றாள் ஸ்னெஜானா.